கடலை விளையும் ஊருக்குக் கடலைமிட்டாய்

போன வாரம் தங்கை மகன் அழைத்தான். அடுத்த மாதம் ஜப்பான் போகிறான். கல்லூரி வழியாக மூன்று வாரம், அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கல். "பெரியம்மா, நீங்க போயிருக்கீங்கள்ல, அவங்களுக்கு நம்ம ஊர்ல இருந்து என்ன பலகாரம் வாங்கிட்டுப் போகலாம்? ஒரு லிஸ்ட் மட்டும் அனுப்பிருங்க" என்றான். சரிடா என்று சொல்லி வைத்துவிட்டேன். நாலு நாள் ஆயிற்று, இன்னும் அனுப்பவில்லை. எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே ஒரு மண்சட்டி வந்து நிற்கிறது. 84 வயதுப் பாட்டி ஒருவர் அதை மடியில் அணைத்துப் பிடித்துக்கொண்டு, நான் கோவில்பட்டியிலிருந்து கொண்டுபோன கடலைமிட்டாயைப் போட்டு அரைத்துக்கொண்டிருக்கிறார். அந்தச் சத்தம் கேட்டபோது எனக்கு மனசு சுருக்கென்றது. ஏன் அப்படி ஆனது என்று இத்தனை வருஷம் கழித்தும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதைச் சொல்லாமல் அவனுக்குப் பட்டியல் போட எனக்கு வரவில்லை.

2018 அக்டோபர் அது. அப்போது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு ஜப்பானிய நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டு, மாலையில் மொழி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். வகுப்பு மூலமாகத்தான் பன்னிரண்டு நாள் வீட்டுத் தங்கல் அமைந்தது. சிபா மாகாணத்தில் யாச்சிமாதா என்று ஒரு சிறிய ஊர். ஒரு பாட்டி, அவருடைய மகன், மருமகள், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள் என்று படிவத்தில் போட்டிருந்தது. சிபா என்றால் நரிதா விமான நிலையமும் டிஸ்னிலாந்தும் இருக்கிற மாகாணம் என்ற அளவில்தான் எனக்குத் தெரியும். ஊர்ப் பெயரைத் தேடிப் பார்த்திருக்கலாம். பயணச்சீட்டு, விசா, அலுவலக விடுப்பு என்று அலைந்ததில் அது தோன்றவே இல்லை.

பெட்டிக்குள் எது போகும்

எங்களுக்கு மொழி சொல்லிக்கொடுத்த ஆசிரியை பத்து வருஷம் ஒசாகாவில் இருந்து திரும்பியவர். 'ஒமியாகே' என்ற சொல்லைப் பலகையில் எழுதி, இரண்டு எழுத்துகளையும் தனித்தனியாகக் காட்டினார். முதல் எழுத்து மண். இரண்டாவது, விளைந்தது. "பரிசுன்னு நினைச்சுக்காதீங்க. எந்த மண்ணுல இருந்து வர்றீங்களோ அந்த மண்ணு குடுத்தது. அதான் அங்க ஒவ்வொரு ரயில் நிலையத்துலயும் அந்தந்த ஊர்ப் பலகாரம் அடுக்கி வச்சிருப்பாங்க" என்றார். பிறகு நடைமுறையும் சொன்னார். ஒவ்வொன்றும் தனித்தனி உறையில் இருந்தால் நல்லது. எடுக்கிற கையில் ஒட்டக்கூடாது. இறைச்சி சேர்ந்த எதையும், பச்சைப் பழங்களையும் பெட்டியில் வைக்கவே கூடாது, விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். நாலு என்ற எண்ணிக்கையில் கொடுக்க வேண்டாம், நாலுக்கும் சாவுக்கும் அவர்கள் மொழியில் ஒரே ஓசை. விலை ரொம்பவும் அதிகமாக இருக்க வேண்டாம், திருப்பிச் செய்ய வேண்டிய கடனாக அவர்கள் தலையில் உட்கார்ந்துவிடும்.

இந்தக் கடைசி விஷயத்தை அம்மாவிடம் போனில் சொன்னபோது அவளுக்கு ஆச்சரியமே இல்லை. "நம்ம மட்டும் என்ன? அடுத்த வீட்டுக் கிண்ணத்தை வெறுங்கிண்ணமாவா திருப்பிக் குடுக்கோம்?" என்றாள். ஊருக்குப் போனதும் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுப் பார்த்தோம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா போய்ச் சேருவதற்குள் கெட்டுவிடும். திருநெல்வேலி அல்வா நெய் கசியும், துணி எல்லாம் போய்விடும். சாத்தூர் சேவு எனக்கு உயிர், ஆனால் அந்தக் காரத்தைப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் கொடுப்பது பாவம். தூத்துக்குடி மக்ரூன் ஒரு டப்பா வைத்தேன். முட்டை வெள்ளையும் முந்திரியும் சீனியும் மட்டும் சேர்ந்த அந்த வெண்கூம்புகளில் பாதி வழியிலேயே பொடியாகிவிட்டன. தீபாவளிக்கு முன்னாலேயே எனக்காக எண்ணெய்ச் சட்டி வைத்து அம்மா கொஞ்சம் முறுக்கு சுட்டாள். கடைசியில்தான், "வெளியூர்க்காரன் நம்ம ஊருக்கு வந்தா எதை வாங்கிட்டுப் போறான்? அதைக் கொண்டு போ" என்றாள்.

கோவில்பட்டி கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2020இல். அதற்கு முன்பும் எங்களுக்கு அது ஊரின் மறுபெயர்தான். வறுத்துத் தோல் நீக்கி இரண்டாக உடைந்த பருப்பு, வெல்லப்பாகு, மேலே தூவின ரோஸ், பச்சை, மஞ்சள் நிறத் தேங்காய்ப்பூ. பாகை ஒரு சொட்டு தண்ணீரில் விட்டு, திரண்டதை எடுத்துத் தட்டில் போட்டால் டங்கென்று கேட்க வேண்டும், அதுதான் பதம். பதம் தப்பினால் பல்லில் ஒட்டும், கொஞ்சம் ஈரக்காற்று பட்டாலும் நமுத்துப்போகும். கடலை என்பதால் அந்தக் குடும்பத்தில் யாருக்காவது ஒவ்வாமை உண்டா என்று முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டுக்கொண்டேன். ஒன்றும் இல்லை, எல்லோரும் எல்லாமும் சாப்பிடுவோம் என்று பதில் வந்தது. இதை என் தங்கை மகனும் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். உணவுப் பொட்டலங்களில் கட்டாயமாகக் குறிப்பிட வேண்டியவை என்று நிலக்கடலை, முட்டை, பால், கோதுமை, இறால், நண்டெல்லாம் அங்கே சட்டத்திலேயே உண்டு. 2023இல் வால்நட்டும் சேர்ந்திருக்கிறது. கையால் செய்து கொண்டுபோகிற பலகாரத்தில் அந்தக் குறிப்பு இருக்காது. நாம்தான் வாயால் சொல்ல வேண்டும்.

வைக்கோல் தொப்பி போட்ட குவியல்கள்

நரிதாவுக்கு அந்த வீட்டு அப்பா காரில் வந்திருந்தார். நெடுஞ்சாலையை விட்டு இறங்கினதும் இரண்டு பக்கமும் காடு. எங்கள் ஊர்ப்பக்கம் காடு என்றால் விதைக்கிற நிலம், அந்தப் பொருளில் சொல்கிறேன். உழுத மண்ணில் வரிசையாக, ஓர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக, வைக்கோல் தொப்பி போட்ட மாதிரி குவியல்கள் நின்றன. என்ன அவை என்று கேட்டேன். "பொச்சி" என்றார். பிடுங்கின செடியை அப்படியே அடுக்கி, மேலே மூடி, காற்றில் காயவிடுவார்களாம். என்ன செடி என்றேன். "ரக்கசேய்" என்றார். அந்தச் சொல்லை நான் வகுப்பில் படித்திருந்தேன். மூன்று எழுத்துகள்: விழு, பூ, பிற. பூ விழுந்த இடத்தில் பிறப்பது. நிலக்கடலை.

ஜப்பானில் விளைகிற நிலக்கடலையில் ஏறக்குறைய எண்பது விழுக்காடு சிபா மாகாணத்தில்தான் விளைகிறது, அதிலும் யாச்சிமாதா பெயர்பெற்ற ஊர் என்று அவர் பெருமையோடு சொல்லிக்கொண்டே வண்டி ஓட்டினார். பின்னிருக்கையில் என் பெட்டிக்குள் ஒரு கிலோ கடலைமிட்டாய் இருந்தது. கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்தவளைப் போல உட்கார்ந்திருந்தேன். தெரிந்திருந்தால் வேறு எதையாவது கொண்டுவந்திருப்பேனே என்று அந்த அரைமணி நேரமும் மனசு அடித்துக்கொண்டது. இன்றைக்கு நினைக்கையில், தெரியாமல் போனது நல்லதாகப் போயிற்று.

வாசலில் செருப்பைக் கழற்றி, உள்ளே போய் முட்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் நீட்டினேன். ஆசிரியை சொல்லிக்கொடுத்த வாக்கியம் ஒன்று உண்டு: உங்கள் வாய்க்குப் பிடிக்குமோ என்னவோ தெரியவில்லை. அதைச் சொல்லும்போது, அம்மா சம்பந்தி வீட்டில் தட்டை நீட்டிக்கொண்டே "ஏதோ எங்களால முடிஞ்சது" என்று இழுக்கிற குரல் காதில் கேட்டது. அந்த வீட்டு மருமகள், நான் 'ஒகாசான்' (அம்மா) என்று அழைத்தவர், அவரும் இரண்டு கையால் வாங்கி, நெற்றிப் பக்கம் கொஞ்சம் உயர்த்தி, தலை தாழ்த்தினார். பிரிக்கவில்லை. பிரிக்க மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். நம் வீடுகளிலும் விருந்தாளி கொண்டுவந்த பையை அவர் முன்னால் யாரும் பிரிப்பதில்லை, நேரே அடுப்படிக்குப் போய்விடும். ஆனால் அவர் அடுப்படிக்குப் போகவில்லை. பக்கத்து அறைக்குக் கொண்டுபோனார். அங்கே கருத்த மரத்தில் ஓர் அலமாரி, கதவு திறந்திருந்தது. உள்ளே சின்ன புத்தர், ஒரு கிண்ணத்தில் சோறு, தண்ணீர். பக்கத்துச் சுவரில் ஒரு பெரியவரின் புகைப்படம். பாட்டியின் கணவர். என் பொட்டலத்தை அதற்கு முன்னால் வைத்து, கிண்ணம் போன்ற மணியை ஒரு தட்டு தட்டினார். அந்த ஓசை அடங்கும்வரை கை கூப்பி நின்றார்.

அங்கே எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் வீட்டில் அப்பா படம் அடுப்படிக்குப் போகிற வழியில் மாட்டியிருக்கிறது. முறுக்கோ அதிரசமோ, முதல் ஈடு எடுத்ததும் ஒரு தட்டில் அவர் முன்னால் வைத்துவிட்டுத்தான் எங்கள் கைக்கு வரும். அதற்கு முன்னால் யாராவது கை வைத்தால் "எச்சிப்படுத்தாதீய" என்று அம்மா கத்துவாள். இத்தனை கடல் தாண்டி வந்து, எங்கள் ஊர் மிட்டாய் முதலில் போய்ச் சேர்ந்தது ஒரு தாத்தாவிடம்.

மண்சட்டி

பொட்டலம் அங்கேயே இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் ஒகாசான் அதை எடுத்துவந்து, தேநீரோடு தட்டில் வைத்தார். படைத்து இறக்கினது என்பதற்கு அங்கேயும் தனிச் சொல் இருக்கிறது, 'ஒசாகரி'. பிள்ளைகள் இரண்டும் கடகடவென்று கடித்தன, ரோஸ் தேங்காய்ப்பூ யாருக்கு என்று சண்டை போட்டன. 'ஒட்டோசான்', அதாவது அந்த வீட்டு அப்பா, ஒன்று எடுத்து மெதுவாக மென்று, கருப்புச் சர்க்கரை மணம் வருகிறது என்றார். நான் பார்த்துக்கொண்டிருந்தது 'ஒபாச்சானை', அந்தப் பாட்டியைத்தான். அந்த வீட்டில் கடலை தெரிந்தவர் அவர். அறுபது வருஷம் காட்டில் நின்றவர். அவர் ஒரு துண்டை எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தார். பிறகு ஒரு காகிதத்தில் மடித்து ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டார். வாயில் வைக்கவில்லை.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பல்செட் என்பது எனக்குத் தெரிந்துதான் இருந்தது, காலையில் கிண்ணத்தில் பார்த்திருந்தேன். 84 வயது என்று படிவத்தில் போட்டிருந்ததைப் படித்தவள்தானே நான்? கடலைமிட்டாயைக் கடிக்கப் பல் வேண்டும் என்பது எனக்கு ஏன் தோன்றாமல் போயிற்று? வாங்கும்போது ஊரை நினைத்தேன், சுங்கத்தை நினைத்தேன், உறையை நினைத்தேன். சாப்பிடப்போகிறவரின் வாயை நினைக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் அடுப்படியில் கரகரவென்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால், ஒபாச்சான் தரையில் உட்கார்ந்து ஒரு மண்சட்டியை முழங்காலுக்கு இடையில் இடுக்கிக்கொண்டிருக்கிறார். 'சுரிபாச்சி' என்பார்கள். உள்பக்கம் முழுக்கச் சீப்பால் இழுத்தது போல வரிவரியாக இருக்கும். அந்த வரிதான் அம்மியின் பொளி மாதிரி. கையில் ஒரு மரக்குழவி. பக்கத்தில் ஒரு தட்டில், கத்தி முனையால் சுரண்டி எடுத்த ரோஸும் பச்சையும் மஞ்சளுமான தேங்காய்ப்பூ. சட்டிக்குள் துணியில் பொதிந்து தட்டி உடைத்த என் கடலைமிட்டாய், ஏழெட்டுத் துண்டு இருக்கும். அரைபட அரைபட எண்ணெய் விட்டு, வெல்லமும் பருப்பும் ஒன்றாகி, ஈரமணல் மாதிரி சட்டியில் ஏறிக்கொண்டிருந்தது. பிறகு அவர் சோயா சாஸ் புட்டியை எடுத்து இரண்டு சுற்று விட்டார். வேகவைத்துப் பிழிந்து நறுக்கி வைத்திருந்த கீரையை அதில் போட்டுப் பிசைந்தார்.

கீரையில் கடலைமிட்டாய். எனக்கு உள்ளே ஏதோ அறுந்த மாதிரி இருந்தது. பாகுப் பதம், தட்டில் டங்கென்று விழுகிற அந்தச் சத்தம், கட்டி முடிக்கையில் கை சிவந்து போகிறவர்கள், எல்லாம் நினைவுக்கு வந்தன. சொல்லத் தெரியாத ஒரு கோபம். முகத்தில் தெரிந்துவிடக் கூடாதே என்று சிரித்துக்கொண்டு நின்றேன்.

இரவுச் சாப்பாட்டில் ஆளுக்கு ஒரு குட்டிக் கிண்ணம் வந்தது. ஒபாச்சான்தான் முதலில் குச்சியில் எடுத்து வாயில் வைத்தார். மெல்ல மென்று, விழுங்கி, என்னைப் பார்த்து ஒரே வாக்கியம் சொன்னார்: "இயி மாமே தா." நல்ல கடலை. மிட்டாய் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. கடலை நல்ல கடலை. விளைவித்தவர் சொல்கிற சொல் அது. நானும் எடுத்துச் சாப்பிட்டேன். கீரையின் பச்சை வாசனைக்கு அடியில் வெல்லம், அதற்கும் அடியில் உப்பு, நடுவில் எங்கோ கோவில்பட்டி. இரண்டாவது வாய்க்கு எனக்கே ஆசை வந்தது.

வறுத்த கடலையைச் சர்க்கரையோடு அரைத்துக் கீரையில் பிசைவது அந்தப் பக்கத்து வீடுகளில் காலங்காலமாக உள்ள பழக்கம் என்று ஒகாசான் அப்புறம் சொன்னார். பள்ளிக்கூடத்து மதிய உணவில்கூட வருமாம். அந்தப் பாட்டிக்குத் தெரிந்த மிக நல்ல இடத்தில்தான் என் மிட்டாயை அவர் சேர்த்திருக்கிறார். அவருடைய ஊர்க்கடலை உட்காருகிற இடத்தில் என் ஊர்க்கடலையை உட்காரவைத்திருக்கிறார். நான் எதிர்பார்த்தது என்ன? கண்ணை விரித்து ஆகா என்று ஒரு சொல், எங்கள் ஊருக்கு ஒரு பாராட்டு. அது கிடைத்திருந்தால் இரண்டு நாளில் மறந்திருப்பேன். கூடவே எனக்கு ஞாபகம் வந்தது துபாய் மாமா. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் நல்ல பேரீச்சம்பழமாகத் தேடிப் பார்த்து அம்மாவுக்கு வாங்கி வருவார். அம்மா அதை எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும் போட்டு ஊறுகாய் போட்டுவிடுவாள். ஒருதரம் சாப்பாட்டில் அது வந்தபோது மாமா இலையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். சின்னப்பிள்ளையாக இருந்த எனக்கு அந்த முகம் புரியவில்லை. யாச்சிமாதாவில் புரிந்தது. அம்மா அந்தப் பழத்தை மதிக்காமல் ஊறுகாய் போடவில்லை. அவளுக்குத் தெரிந்த உயர்ந்த பக்குவம் அதுதான்.

அந்த நாளிலிருந்து ஒபாச்சான் என்னை விடவில்லை. எந்த மண் என்று கேட்டார். கரிசல், கருப்பு மண், கோடையில் பாளம்பாளமாக வெடிக்கும் என்று எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில் சொல்லிப் பார்த்தேன். அவர்கள் மண் எரிமலைச் சாம்பல் படிந்தது, கையில் அள்ளினால் மாவு மாதிரி உதிரும். என் மிட்டாயில் இருந்த பருப்பு ஏன் இவ்வளவு சின்னது என்று கேட்டார். அவர்கள் ஊரில் 'ஓமசாரி' என்று ஒரு ரகம், காயே கட்டைவிரல் தடிமன் இருக்கும். அதை அன்றைக்கன்றைக்குப் பிடுங்கி உப்புப் போட்டு அவிப்பார்கள். ஜப்பானில் பெரும்பாலான ஊர்க்காரர்களுக்குக் கடலை என்றால் வறுத்ததுதான், அவித்துத் தின்பது விளைகிற ஊர்களின் ருசி. ஒரு சாயங்காலம் பெரிய கிண்ணம் நிறைய ஆவி பறக்க வைத்தார்கள். நான் காயின் மூக்கைக் கட்டைவிரலால் நெரித்து, உள்ளே இருந்த உப்புத்தண்ணீரை முதலில் உறிஞ்சிவிட்டுப் பருப்பை எடுத்தேன். அதைப் பார்த்ததும் ஒபாச்சான் தொடையில் தட்டிச் சிரித்தார். "இவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்" என்று மருமகளிடம் சொன்னார்.

அவர் 'ரக்கசேய்' என்று சொல்வதே அபூர்வம். 'நான்கின்மாமே' என்பார். சீனத்தின் நான்கிங் ஊர்ப் பயறு என்று அர்த்தம். கேட்டதும் எனக்கு எங்கள் அலுவலக விழுப்புரத்துத் தோழி ஞாபகம். அவள் வாயில் அது மல்லாட்டை, மணிலாக்கொட்டை தேய்ந்து ஆன சொல். கடலை பிறந்தது தென் அமெரிக்காவில். எந்தத் துறைமுகத்திலிருந்து வந்ததாக நினைத்தார்களோ அந்தப் பெயரை அவர்களும் வைத்தார்கள், நாமும் வைத்தோம். சிபாவில் அதை விதைக்கத் தொடங்கியதே 1870களில்தானாம். இரண்டு ஊருக்கும் விருந்தாளியாக வந்த பயிர், இரண்டு ஊருக்கும் அடையாளமாகிவிட்டது. இதை அவரிடம் சொல்ல என் மொழி போதவில்லை. மணிலா, நான்கிங் என்று காகிதத்தில் படம் வரைந்து அம்புக்குறி போட்டுக் காட்டினேன். அந்தக் காகிதத்தை வாங்கி அவர் புத்தர் அலமாரியின் கீழறையில் வைத்துக்கொண்டார்.

கிளம்புகிற அன்று ஒரு காகிதப்பை கொடுத்தார்கள். தோலோடு வறுத்த கடலை, அவர்கள் காட்டிலேயே விளைந்தது. ஒபாச்சான் இரண்டு கையாலும் நீட்டி, நான் முதல் நாள் சொன்ன அதே வாக்கியத்தைச் சொன்னார். உன் அம்மாவின் வாய்க்குப் பிடிக்குமோ என்னவோ.

கோவில்பட்டிக்கு வந்து சேர்ந்ததும் பையை அம்மாவிடம் கொடுத்து, மண்சட்டிக் கதையையும் சொன்னேன். கீரையில் போட்டார்கள் என்றதும் அவள் முகம் சுளிக்கவில்லை. "பல்லு இல்லாதவ வேற என்ன செய்வா, பாவம். புத்திசாலி" என்றாள். பையைப் பிரித்து ஒரு கைப்பிடி எடுத்துத் தட்டில் போட்டு அப்பா படத்துக்கு முன்னால் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அதிலிருந்து ஒரு காயை எடுத்து உடைத்து, உள்ளங்கையில் பருப்பை உருட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எம்புட்டுப் பெருசு பாரு. வறுத்துட்டாகளே ஏட்டி. இல்லேன்னா ரெண்டை நம்ம கொல்லையில ஊனிப் பாத்திருக்கலாம்."